தோட்டத்தை அடமானம் வைத்துக் காட்டுயிர்ப் படிப்பா?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 23 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

கோவையில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஓராண்டு ஆகிறது. அப்பாவுக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் தோட்டம்; மஞ்சளும் வாழையும் போடுகிறார். பூர்வீக நிலம். குடியிருக்கும் வீடு சொந்தம். தம்பி பிளஸ் டூ. கல்லூரியில் படிக்கும்போது வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் கணக்கெடுப்புக்குப் போனதிலிருந்து, காட்டுயிர்ப் பாதுகாப்புதான் தன் வேலை என்று முடிவெடுத்துவிட்டார். இப்போது இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எம்.எஸ்சி. கன்சர்வேஷன் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், தங்குமிடம், விசா, விமானம் எல்லாம் சேர்த்து 38 லட்சம் ரூபாய். அம்மாவின் நகையில் 8 லட்சம் புரட்டலாம். மீதி 30 லட்சத்துக்கு வங்கிக் கடன். வட்டி 11 சதவீதம், தவணை 15 ஆண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா தோட்டத்தை வைக்கத் தயார். மாமாவோ, "பொட்டப்புள்ள காட்டுல சுத்தறதுக்கு எதுக்குத் தோட்டத்த வெக்கோணும்? ஒரு வருசப் பட்டம் இங்க செல்லவே செல்லாது" என்கிறார். இடம் வாங்கிக் கொடுத்த கன்சல்டன்சி, மூன்று வாரத்தில் டெபாசிட் கட்டாவிட்டால் எல்லாம் போய்விடும் என்கிறது.

அவர் கேட்பது இவ்வளவுதான்: "அங்கே ஒரு வேலை கிடைத்தால் ஐந்து வருடத்தில் கடனை அடைத்துவிடலாம். கிடைக்காவிட்டாலும் இந்தப் பட்டத்தோடு வந்தால் வனத்துறையில் அதிகாரியாகிவிடலாம் அல்லவா? பட்டம் இல்லாமல் இந்தத் துறைக்குள் யாரும் விட மாட்டார்கள். நான் போகட்டுமா?"

அன்புள்ள அம்மணி,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் ஒன்று உண்டு. "பாம்புத்தாராவையும் நீர்க்காகத்தையும் பிரித்தறிய முதல் நாள் முழுக்கத் திணறினேன். மறுநாள் பறக்கும்போதே கழுத்தை வைத்துச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கண்ணை யாரும் பாடம் நடத்திக் கொடுக்க முடியாது. இருபது வருடத்துக்கு மேல் காட்டுயிர் ஆய்வில் இருந்துவிட்டு, இப்போது உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும். ஆனால் இந்த ஆண்டு, இந்தக் கடனை வாங்கிக்கொண்டு, இந்தப் படிப்புக்குப் போக வேண்டாம்.

உடனே மாமா பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்ன இரண்டுமே தவறு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். 2005-ல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் உங்களுக்கும் உரிமை இருக்கிறது. உங்கள் படிப்புக்கு அதை வைப்பது யாருக்கும் செய்யும் துரோகம் ஆகாது. ஓராண்டுப் பட்டம் செல்லாது என்பதும் பழைய கதை. 2022-ல் இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்ட பிறகு, அங்கத்திய ஓராண்டு முதுகலைப் படிப்பு இங்கே முதுகலையாக ஏற்கப்படுகிறது. ஆகவே நீங்கள் தகுதியானவரா என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தப் படிப்பு அந்தத் தோட்டத்துக்குத் தகுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடன் கணக்கு

30 லட்சம் ரூபாய்க்கு 11 சதவீத வட்டி. படிக்கும் ஓராண்டும் அதற்குப் பிறகு ஓராண்டும் பொதுவாகத் தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு ஆண்டு முடிவில் கடன் ஏறக்குறைய 36 லட்சத்து 60 ஆயிரமாகி நிற்கும். அதை 15 ஆண்டில் கட்ட மாதம் சுமார் 41,600 ரூபாய் வேண்டும். மொத்தம் கட்டி முடிக்கும்போது 75 லட்சத்தை ஒட்டி வரும். இதை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். மஞ்சள் விலை நன்றாக இருக்கும் வருடத்தில்கூட மூன்று ஏக்கரில் மாதம் 41,600 மிஞ்சுமா என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.

இங்கே தொடக்க நிலைக் களப்பணியாளருக்கு நான் பார்த்த வரையில் மாதம் 20,000 முதல் 30,000 ரூபாய் கிடைக்கிறது. தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை பெற்று ஆய்வில் சேர்ந்தால் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். 2023 ஜனவரி முதல் இதுதான் விகிதம். அதாவது முதுகலை முடித்து, கடினமான ஒரு தேர்வையும் வென்றவரின் உதவித்தொகைகூட உங்கள் தவணைக்குக் காணாது.

"அங்கேயே வேலை பார்த்து அடைத்துவிடுவேன்" என்கிறீர்கள். படித்து முடித்தவர்கள் அங்கே தங்கி வேலை தேடுவதற்கான விசா இதுவரை இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குப் பிறகும் தங்க வேண்டுமானால் வேலை கொடுப்பவர் தரும் விசா வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு; புதிதாகப் படித்து வருபவருக்குச் சலுகையாக 33,400. காட்டுயிர்ப் பாதுகாப்பில் அங்கே தொடக்க வேலைகள் பெரும்பாலும் இந்தச் சலுகை வரம்பையே எட்டுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளே முதல் ஓரிரு வருடம் சம்பளமில்லாத் தன்னார்வலராகவும் பயிற்சிப் பணியாளராகவும் இருந்துதான் உள்ளே போகிறார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் போய்ச் சம்பாதித்து ஊரில் வீடு கட்டியதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கு இந்தத் துறைக்குப் பொருந்தாது.

அப்புறம் அடமானம். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். ஆனால் விவசாய நிலத்தை ஈடாக வாங்கப் பல வங்கிகள் தயங்கும். கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் தரும் சர்பாசி சட்டத்திலிருந்து விவசாய நிலத்துக்கு விலக்கு இருப்பதுதான் காரணம். அதனால் தோட்டப் பத்திரத்தோடு போகும் அப்பாவிடம் "வீட்டுப் பத்திரம் இருக்குங்களா?" என்று கேட்பார்கள். வீடு அந்த விலக்குக்குள் வராது. வங்கி ஒத்துவராவிட்டால் பைனான்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். இன்னொன்று, அப்பா இந்தக் கடனில் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவார். நீங்கள் இரண்டு தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். அதற்கு முன்பே, அடுத்த வருடம் தம்பிக்குக் கல்விக் கடன் கேட்டு, இந்தக் கடன் தலைமேல் இருக்கும்போதே அவர் அதே வங்கிக்குத்தான் போக வேண்டும். உங்கள் நான்கு பக்கத்தில் தம்பியின் மேல்படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன்.

பட்டம் எந்தக் கதவைத் திறக்கும்?

என்னுடைய முதல் நேர்காணல் நினைவுக்கு வருகிறது. மதிப்பெண் பட்டியலைக் கோப்பில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர் அதைக் கேட்கவே இல்லை. "களக் குறிப்பேடு கொண்டுவந்தியாம்மா?" என்றார். ஒரு முகாமில் எழுதிய நோட்டு பையில் இருந்தது. மழையில் நனைந்து பக்கங்கள் உப்பியிருந்தன. பாதிப் பக்கத்தில் பேனா மை கரைந்து நீலத் திட்டாக இருந்தது. பென்சிலில் எழுதிய பாதி மட்டும் தெளிவாக இருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எப்பத்திலிருந்து பென்சிலுக்கு மாறினே?" என்று கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து என்றேன். வேலை கிடைத்தது.

இப்போது அந்த நாற்காலியில் நான் உட்காரும்போதும் அதைத்தான் தேடுகிறேன். காலை ஆறு மணிக்கு நேர்கோட்டுப் பாதையில் நடந்து, பார்த்த விலங்கின் தூரத்தையும் கோணத்தையும் குறிக்கத் தெரியுமா? தானியங்கி கேமராவை எந்த உயரத்தில் கட்டுவது? வந்த தரவை 'ஆர்' மென்பொருளில் போட்டு அலசத் தெரியுமா? கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் ஒரு வரைபடம் போட முடியுமா? இரண்டு மென்பொருளும் இலவசம். ரேஞ்சர் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி இரண்டு பக்க அறிக்கை எழுத வருமா? எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் நடக்கும் காடரோ மலசரோ இருளரோ "நில்லுங்க" என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் நிற்கத் தெரியுமா? யானை லத்தியைத் தொட்டுப் பார்த்து அது எவ்வளவு நேரத்துக்கு முந்தியது என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கூடம் போகாதவர்.

வால்பாறையில் நடந்ததைப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் யானைகளால் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து, எங்கே, எந்த நேரத்தில், எப்படி இறப்பு நேர்கிறது என்று பதிவு செய்தார்கள். பக்கத்தில் யானை நிற்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள்தான் பெரும்பாலோர் என்று தெரிந்தது. அதன்பிறகுதான் பக்கத்தில் யானை இருப்பதை எச்சரிக்கும் கைப்பேசிக் குறுஞ்செய்தியும், செல்போனில் இயக்கும் சிவப்பு விளக்கும் வந்தன. 2015-ல் அந்த வேலைக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. அவர் முனைவர் பட்டம் பெற்றவர், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு எரிவதற்கு, தோட்டத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசிய வருடங்கள்தான் காரணம்.

சரி, வனத்துறை அதிகாரி விஷயம். இதில் நீங்கள் ஒரு சேதியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இந்திய வனப்பணித் தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. அதற்கு வேண்டியது ஓர் இளநிலைப் பட்டம். ஏற்கும் பாடங்களின் பட்டியலில் விலங்கியல் இருக்கிறது. 21 முதல் 32 வயது வரை எழுதலாம். சில பிரிவினருக்கு வயதில் தளர்வும் உண்டு. அதாவது உங்களுக்குத் தகுதி இப்போதே கையில் இருக்கிறது. 38 லட்சத்துப் பட்டத்துக்கு அந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. மாநிலத்தில் உதவி வனப்பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது. எந்தெந்தப் பட்டம் ஏற்கப்படும் என்று அறிவிக்கையில் பெயர் சொல்லிப் போட்டிருப்பார்கள். வெளிநாட்டுப் பட்டத்தின் பெயர் அதோடு ஒத்துப்போகவில்லையென்றால் இரண்டும் சமம் என்று காட்டும் இணைச் சான்று வாங்க அலைய நேரும். உங்கள் விலங்கியல் பட்டத்துக்கு அந்த அலைச்சல் இல்லை.

அதற்காக முதுகலையே தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். தேவைதான். ஜே.ஆர்.எஃப்.புக்கும் முனைவர் பட்டத்துக்கும் அது வேண்டும். காற்றாலை, சாலை, சுரங்கம் போன்ற திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களில், அந்த நிறுவனங்களுக்குத் தரச் சான்று தரும் நாபெட் அமைப்பின் அங்கீகாரத்தோடு சூழலியல் நிபுணராகக் கையெழுத்திடவும் அது வேண்டும். இந்தத் துறையில் ஓரளவு நல்ல சம்பளம் இருக்கும் இடம் அது. மனசாட்சியுள்ளவர்கள் அங்கே அவசியம் தேவைப்படுகிறார்கள். ஆகவே முதுகலை படியுங்கள். விலை கொடுத்து வாங்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள்.

பக்கத்திலேயே இருப்பவை

உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை என நினைக்கிறேன். சத்தியமங்கலம் 2013-லிருந்து புலிகள் காப்பகம். பொள்ளாச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஆனைகட்டியில் இருக்கும் சாலிம் அலி பறவையியல் மையம் 1990-ல் தொடங்கியது. இப்போது டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. கோவையில் வன மரபியல் நிறுவனம், மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி, கோத்தகிரியிலும் வால்பாறையிலும் தொண்டு நிறுவனங்கள். 2023-ல் தமிழ்நாடு அரசு சுமார் 25 கோடி ரூபாயில் நீலகிரி வரையாடு திட்டத்தைத் தொடங்கியது. இந்த மாதிரித் திட்டங்களும் காப்பகங்களின் அறக்கட்டளைகளும் ஒப்பந்த அடிப்படையில் உயிரியலாளர்களையும் களப்பணியாளர்களையும் எடுக்கின்றன.

முதுகலைக்கு, ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியிலும் எம்.எஸ்சி. காட்டுயிரியல் இருக்கிறது. இந்தத் துறையில் இன்று பேர் சொல்லும் நிலையில் இருக்கும் பலர் அந்த மன்னம்பந்தல் வகுப்பறையிலிருந்து வந்தவர்கள். பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்.சி.பி.எஸ்.ஸில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மிகச் சிலரை மட்டும் எடுத்து ஒரு முதுகலை நடத்துகிறார்கள். நுழைவுத் தேர்வு கடினம், ஆனால் நாட்டிலேயே முதல் வரிசைப் படிப்பு. டேராடூனிலும் ஒன்று உண்டு. இவற்றில் எதற்கும் தோட்டப் பத்திரம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. கடன் தேவைப்பட்டாலும் இந்தியாவில் படிக்க 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாக ஈடு கேட்பதில்லை. 2024-ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனமாக இருந்தால், ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் வட்டியில் 3 சதவீத மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு இந்தத் திட்டம் கிடையாது.

வெளிநாட்டு ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே கிடைக்கும் புள்ளியியல் பயிற்சியும், கொள்கை வகுப்பவர்களோடு ஏற்படும் அறிமுகமும் உண்மையிலேயே மதிப்புள்ளவை. ஆனால் களத்தில் இரண்டு மூன்று வருடம் நின்று, "இந்தக் கேள்விக்கு எனக்கு விடை வேண்டும்" என்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவருக்குத்தான் அவை முழுதாகப் பயன்படுகின்றன. அப்படிப் போகிறவருக்குப் பணமும் வருகிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். குறைந்தது 2,800 மணி நேரம், அதாவது சுமார் இரண்டு ஆண்டு, வேலை அனுபவம் கேட்கும். முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருகிறார்கள். இன்று நீங்கள் 38 லட்சம் கொடுத்து வாங்கப் பார்ப்பதை, 26 வயதில் அவர்கள் பணத்தில் படிக்க உங்களால் முடியும் என்று நம்புகிறேன். போட்டி கடுமைதான். அப்படிக் கிடைக்காமல் போனாலும், கையில் ஊட்டியிலோ மன்னம்பந்தலிலோ வாங்கிய முதுகலை இருக்கும், கடன் இருக்காது.

ஒன்றை மறைக்கக் கூடாது. எந்த வழியில் வந்தாலும் இந்தத் துறையில் வருமானம் குறைவுதான். வேலை பெரும்பாலும் ஒப்பந்தம். இரண்டு வருடம், மூன்று வருடம், பிறகு அடுத்த திட்டம் தேட வேண்டும். நிரந்தர விஞ்ஞானிப் பணியிடங்கள் மிகக் கொஞ்சம். என்னோடு தொடங்கிய நல்ல ஆட்கள் சிலர் முப்பது வயதில் வெளியேறினார்கள். காட்டின் மேல் பிரியம் குறைந்து அல்ல, வீட்டுக் கடன் அழுத்தி. உங்கள் தோட்டம் கடனில்லாமல் இருப்பதுதான் உங்களை இந்தத் துறையில் நிலைக்க வைக்கும் முதல் பாதுகாப்பு. இதனால்தான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

அம்மாவின் பயம்

"வயசுப் புள்ளய எப்படிக் காட்டுக்குள்ள அனுப்பறது" என்று அம்மா கேட்டதை நீங்கள் பிற்போக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது சரியான கேள்வி, பதில் சொல்லுங்கள். வேலைக்குச் சேரும் முன் நீங்களே கேட்க வேண்டியவைதான் அவை: தங்கும் இடத்தில் வேறு பெண்கள் உண்டா, களத்துக்கு யாருடன் போக வேண்டும், விபத்துக் காப்பீடு உண்டா, ராத்திரியில் வண்டி கிடைக்குமா. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் 2013 சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வைத்தாக வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். நான் தொடங்கிய காலத்தில் ஓர் இடத்தில் இதைக் கேட்கத் தெரியாமல் பட்டிருக்கிறேன். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் சேராதீர்கள். முடிந்தால் முதல் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்கும் அறையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

இனி இந்த மூன்று வாரம். டெபாசிட் கட்டாதீர்கள். கன்சல்டன்சிக்காரர் அவசரப்படுத்துவதில் வியப்பில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்தால் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் தரும், இங்கேயே இருந்தால் ஒன்றுமில்லை. அவர்களை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு நீங்களே மின்னஞ்சல் போட்டு, இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க முடியுமா, உதவித்தொகை ஏதும் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் ஓராண்டு ஒத்திவைக்கச் சம்மதிப்பார்கள். பதில் வரும்வரை அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அதே வாரத்தில் ஆனைகட்டிக்கும் பொள்ளாச்சிக்கும் சத்தியமங்கலத்துக்கும் ஒவ்வொரு கடிதம் அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலோடு, வெள்ளோட்டில் நீங்கள் எடுத்த குறிப்பிலிருந்து இரண்டு பக்கத்தையும் படமெடுத்து இணையுங்கள். பாம்புத்தாரா வரும் பக்கம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் கடிதத்துக்குப் பதில் வராது. இரண்டாவது கடிதம் போடுங்கள், அப்புறம் நேரில் போங்கள். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம். "வேண்டாங்கப்பா, தோட்டம் இருக்கட்டும். ஒரு வருசம் எனக்கு டைம் மட்டும் குடுங்க" என்றால் போதும். தோட்டத்தையே தரத் துணிந்த மனிதர், ஒரு வருடத்தைத் தர மாட்டாரா?